பாலாற்றங்கரையின் பெயர்: தோல் வணிகத்தில் வணிகப்பெயரும் பொதுப்பொறுப்பும்

பொருளைச் செய்தவரும் அதை வாங்குபவரும் ஒருவரையொருவர் அறியாத சந்தையில், அப்பொருளின் குறைநிறைகளுக்குப் பொறுப்பேற்க ஒருவர் உண்டு என்று உறுதி கூறுவதே வணிகப்பெயரின் முதற்பணி. சந்தை ஓர் ஊரின் எல்லைக்குள் அடங்கியிருந்தவரை இந்த உறுதிக்கு வணிகரின் நேர்முகமே போதுமானதாக இருந்தது. சந்தை கடல்கடந்து விரிந்தபோது முத்திரையும், தரப்பிரிவும், அவற்றைக் காக்கும் சட்டமும் அந்த இடத்துக்கு வந்தன. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் பாலாற்றை ஒட்டி வளர்ந்துள்ள தோல் தொழில் வட்டாரம் தலைமுறைகளாக உலகச் சந்தைக்குச் சரக்கனுப்பி வந்தும், இங்கே வெட்டித் தைக்கப்படும் காலணிகளில் பெரும்பாலானவை வேறொரு நாட்டு நிறுவனத்தின் பெயரைத் தாங்கியே கடைக்குச் செல்கின்றன. இந்நிலை உருவான வரலாற்றையும், 2025-ஆம் ஆண்டின் வணிக நெருக்கடிகள் அதன்மீது பாய்ச்சிய வெளிச்சத்தையும், இவ்வட்டாரம் தனக்கென ஒரு பெயரை மீட்டெடுக்கும் வழியையும் ஆராய்வது இச்சொற்பொழிவின் நோக்கம். ஊர்ப்பெயர் விளம்பரச் செலவால் மட்டும் உருவாவதில்லை என்பதும், அவ்வூர் தன் நீரையும் நிலத்தையும் உழைப்பாளரையும் நடத்தும் முறையே அப்பெயரின் உள்ளடக்கம் ஆகிறது என்பதும் இங்கு நிறுவ முயலும் கருத்துகள்.

1. வாலாஜாபேட்டை: சாலையால் வளர்ந்த வணிக நகரம்

ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபேட்டை, சோழமண்டலக் கரைக்கும் மலைத்தொடருக்கு மேலுள்ள மைசூர்ப் பகுதிக்கும் இடையே சரக்குகள் கைமாறிய வணிகப்பேட்டையாக வளர்ந்தது. நெசவும் சாயத்தொழிலும் இங்கே தழைத்தன. 1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து தொடங்கப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில்பாதை வாலாஜா ரோடு நிலையத்தில்தான் முடிந்தது. 1866-இல் நகராட்சியாக அமைக்கப்பட்ட இவ்வூர், தமிழ்நாட்டின் பழமையான நகராட்சிகளுள் ஒன்று. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபின் இது இராணிப்பேட்டை மாவட்டத்தில் உள்ளது.

இந்த வரலாற்றில் வணிகவியல் மாணவர் கருதத்தக்க பாடம் ஒன்று உண்டு. மாட்டுவண்டிகள் சரக்கேற்றிச் சென்ற காலத்தில் வண்டிகள் நின்று, சரக்கு பிரிந்து, விலை பேசப்படும் இடமாக வாலாஜாபேட்டை இருந்தது. இரயில்பாதை மேற்கே நீண்டு, சரக்கு இங்கே இறங்காமலே கடந்துசெல்லத் தொடங்கியபின் அந்த வணிகத்தின் பெரும்பகுதி இவ்வூரை விட்டு விலகியது. வழியில் இருப்பதனால் மட்டும் கிடைக்கும் வருவாய் வழி மாறும்போது மாறிவிடும் என்பதை இவ்வூர் முன்னரே பட்டறிந்துள்ளது. அண்மையிலுள்ள இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களின் தோல் தொழில் இன்று உலக நிறுவனங்களின் கொள்முதல் பாதையில் இருப்பதால் பிழைக்கிறது. அப்பாதை திரும்பினால் எஞ்சி நிற்கக்கூடியது எது என்ற கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

2. இ.ஐ. தோல்: ஒரு செய்முறையின் புகழ்

ஈஸ்ட் இந்தியா (இ.ஐ.) கிப்ஸ் என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லண்டன் தோல் சந்தையில் நன்கறியப்பட்டிருந்தது. கிப்ஸ் என்பது உருவில் சிறிய மாடுகளின் தோலைக் குறிக்கும் வணிகச்சொல். சென்னை மாகாணத்தின் தோல்ஷாப்புகள் எனப்பட்ட பதனீட்டுக் கூடங்களில் பச்சைத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிரும் சதையும் நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் படிப்படியாகப் பதப்படுத்தி, பின் கடுக்காய்ச் சாறேற்றி, எண்ணெயிட்டு உலர்த்தி அனுப்பினர். இது முழுமையாக முடிக்கப்பட்ட தோலன்று; வாங்கும் நாட்டில் மீண்டும் பதப்படுத்தி நிறமேற்றிப் பயன்படுத்தத்தக்க அரைப்பதத் தோல். அவ்வாறு மறுபதனிடலுக்கு எளிதாக இணங்கியதும், நெடுநாள் கெடாமல் இருந்ததும் அதன் மதிப்புக்குக் காரணங்கள். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படையினரின் பூட்ஸ்களுக்கு மேல்தோலாக இது பெருமளவில் வாங்கப்பட்டது.

இங்கே கருதவேண்டியது, இப்பெயரை எந்தத் தனி நிறுவனமும் விளம்பரம் செய்து உருவாக்கவில்லை என்பது. நூற்றுக்கணக்கான சிறு பதனீட்டாளர் ஒரே வகைப் பட்டையையும் ஒரே முறையையும் கையாண்டதால் சரக்கில் ஓர் ஒப்புமை தோன்றியது. அந்த ஒப்புமை பல்லாண்டுகள் மாறாமல் தொடர்ந்ததால் வாங்குவோருக்கு நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கைக்கு ஒரு பெயர் அமைந்தது. பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டைச் சாறு பெரிதும் பிடித்துக்கொண்டபோதும் தாவரப் பதனீட்டு முறை தொடர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் மேற்கொண்ட முயற்சிகளால் குரோமிய உப்பைக் கொண்டு விரைவாகப் பதனிடும் முறை இம்மாகாணத்தில் வேரூன்றியது. வாரக்கணக்கில் நடந்த வேலை நாள்கணக்கில் முடிந்தமையால், காலப்போக்கில் அதுவே பெருவழக்காயிற்று. ஒவ்வோர் ஆலையும் வாங்குவோரின் விருப்பத்துக்கேற்பத் தன் செய்முறையை அமைத்துக்கொண்டபோது உற்பத்தி பெருகியது. ஆனால் வட்டாரம் முழுமைக்கும் பொதுவான முகம் ஒன்று இல்லாமற்போயிற்று.

3. 1973-க்குப் பின்: மதிப்பு உயர்ந்தது, பெயர் உயரவில்லை

1972-இல் அறிக்கை தந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஏற்று, 1973-இல் மத்திய அரசு பச்சைத்தோல் ஏற்றுமதியைத் தடைசெய்து, அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அளவு வரம்பு விதித்து, முடித்த தோலுக்கும் தோல் பொருள்களுக்கும் ஊக்கம் அளித்தது. உள்நாட்டிலேயே மதிப்புக்கூட்டுதல், அதாவது மூலப்பொருளின்மேல் உழைப்பையும் நுட்பத்தையும் ஏற்றி அதிக விலைக்குரிய பொருளாக்குதல், இக்கொள்கையின் குறிக்கோள். 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொழில்நுட்பத் துணை நின்றது. 1984-இல் தோல் ஏற்றுமதிக் கழகம் அமைந்தது. ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் முதலில் ஷூவின் மேற்பகுதியான அப்பர் தைக்கும் கூடங்களும், பின்னர் முழுக் காலணி செய்யும் ஷூ கம்பெனிகளும் பெருகின. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பல்லாயிரம் பெண்கள் தையல் வரிசைகளில் வேலைக்கு வந்தனர். மாதச்சம்பளமும் வருங்கால வைப்புநிதியும் பல குடும்பங்களில் முதன்முதலாக ஒரு பெண்ணின் பெயரில் வந்தன. இக்கொள்கையின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று தேவையில்லை.

ஆனால் இந்த உற்பத்தி ஒப்பந்த உற்பத்தியாகவே அமைந்தது. வடிவமைப்பும் வணிகப்பெயரும் கடையும் வாங்குவோரிடம் இருக்க, அவர் தரும் அளவுக்கும் மாதிரிக்கும் ஏற்பச் செய்து கொடுப்பது ஒப்பந்த உற்பத்தி. தைவான் நாட்டு ஏசர் நிறுவனத்தின் நிறுவனர் ஸ்டான் ஷி 1990-களின் தொடக்கத்தில் வரைந்து காட்டிய 'புன்னகை வளைகோடு' இந்நிலையை விளக்க உதவும். ஒரு பொருளின் பயணத்தில் தொடக்கத்திலுள்ள ஆய்வும் வடிவமைப்பும், இறுதியிலுள்ள வணிகப்பெயரும் விற்பனையும் மிகுந்த ஊதியம் ஈட்டுகின்றன. நடுவிலுள்ள உற்பத்தி குறைந்த ஊதியத்தில் தங்கிவிடுவதால் கோடு இரு முனைகளிலும் உயர்ந்து நடுவில் தாழ்கிறது. பாலாற்று வட்டாரம் 1973-க்குப் பின் பச்சைத்தோலிலிருந்து காலணி வரை ஏறிவந்தும், இந்த வளைகோட்டின் தாழ்ந்த நடுப்பகுதியிலேயே நிற்கிறது.

இதற்கு மாறான வழியும் தமிழ் நிலத்தின் அருகிலேயே உண்டு. 1978-இல் புதுச்சேரியில் திலீப் கபூர் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம், மற்றோர் குரோமியத்துக்கு மாறிய காலத்தில் தாவரப் பதனீட்டுத் தோலையே தன் பைகளின் அடையாளமாக்கித் தன் பெயரிலேயே உலகச் சந்தையில் விற்றது, பிரான்சின் எல்.வி.எம்.எச். குழுமம் பின்னாளில் அதில் பங்கு வாங்கியது. பழைய செய்முறையிலேயே புதிய வணிகப்பெயருக்கு உரிய பொருள் இருந்தது என்பதற்கு இது சான்று.

4. வழக்கின் வழியே பரவிய பெயர்

தோல் பொருள்களின் வழியே உலகறியாத வேலூரின் பெயர், வேறொரு வழியாகச் சட்டக் கல்லூரிகளின் பாடநூல்களில் ஏறியது. பாலாற்றில் தோல் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கொள்கையையும், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமற்போனதாகக் கூறிய ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது.

தீர்ப்பை ஒட்டிய காலத்தில் ரானிடெக், விஷ்டெக், வானிடெக் போன்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இவ்வட்டாரத்தின் நடைமுறையாயின. பின்னர்க் கழிவுநீரைச் சிறிதும் வெளியேவிடாமல் மீட்டெடுக்கும் முறைக்கு அவை மாற்றப்பட்டன. இதற்காக ஆலையாளர்கள் செய்த முதலீடு சிறிதன்று. ஆயினும் தோலைப் பதப்படுத்துமுன் கெடாமல் காக்கச் சேர்க்கப்படும் உப்பு, நீரைப் பிரித்தெடுத்தபின் திடக்கழிவாகக் குவிகிறது. அதை என்ன செய்வது என்பதற்கு நிறைவான விடை இன்னும் அமையவில்லை. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமிய இரசாயன ஆலையின் கழிவுக்குவியலும் நெடுங்காலம் நிலத்தடி நீரைக் கெடுத்துவந்தது. 2015 ஜனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டை சிப்காட் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். 2025 ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் இவ்விவகாரத்தில் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கி அதை மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலிக்கவும், ஆற்றின் மீட்பைக் கண்காணிக்கக் குழு அமைக்கவும் ஆணையிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்திருந்தன.

சந்தைப்படுத்தல் என்னும் துறை இவ்வரலாற்றைத் தனக்குப் புறம்பான சுற்றுச்சூழல் செய்தியாகக் கருதுவது பெரும்பிழை. வாங்கும் நாட்டின் நிறுவனம் ஒன்று தன் பெயருக்கு ஊறு நேராமல் காக்க விரும்பும்போது, சரக்கு வரும் ஊரின் பெயரை மறைப்பதே அதற்கு எளிய வழியாகிறது. ஆற்றுக்கு நேர்ந்த கேடு இவ்வாறு பெயருக்கும் நேர்ந்தது. பெயர் இல்லாத சரக்கு விலையால் மட்டுமே போட்டியிட வேண்டியதாயிற்று.

5. 2025-இன் பாடம்

விலையால் மட்டும் போட்டியிடும் சரக்கு எவ்வளவு விரைவில் தடுமாறும் என்பதை 2025-ஆம் ஆண்டு காட்டியது. இந்தியப் பொருள்கள்மீது அமெரிக்கா ஆகஸ்டு 7 முதல் 25 விழுக்காடும், ஆகஸ்டு 27 முதல் மொத்தம் 50 விழுக்காடும் கூடுதல் வரி விதித்தபோது, தன் பெயரில் விற்கும் நிறுவனம் அச்சுமையைக் கடை விலையிலும் தன் இலாபத்திலும் பகிர்ந்துகொள்ள முடிந்தது; ஒப்பந்த உற்பத்தியாளரோ தள்ளுபடி கேட்கும் பையருக்கு (வாங்கும் நிறுவனத்துக்கு) இணங்குவது, ஆர்டரை இழப்பது ஆகிய இரண்டில் ஒன்றைத் தேர வேண்டிய நிலையில் நின்றார். வரி விகிதங்கள் அரசுகளின் பேச்சுவார்த்தைக்கேற்ப மாறக்கூடியவை. இவ்வலுவின்மை அவற்றோடு மாறாது. அதே ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வணிக ஒப்பந்தம் இந்தியக் காலணிகளுக்கு வரியில்லா நுழைவை உறுதியளித்தது. ஆயினும் அந்த நன்மை உற்பத்தியாளரிடம் தங்குவதும் பையரின் விலைக்குறைப்பில் கரைவதும் பேரம் பேசும் வலுவைப் பொறுத்தவை.

2025–26 மத்திய நிதிநிலை அறிக்கை கிரஸ்ட் தோல், அதாவது பதனிட்டு உலர்த்தி இறுதி நிறமும் மெருகும் ஏற்றப்படாத தோல், ஏற்றுமதிக்கு இருந்த 20 விழுக்காட்டு வரியை நீக்கியது. சிறு பதனீட்டாளருக்குப் புதிய சந்தை கிடைக்கும் என்ற வகையில் இது வரவேற்கத்தக்கது. எனினும் 1973-இன் கொள்கை எந்த அரைப்பத ஏற்றுமதியிலிருந்து தொழிலை மேலேற்ற முனைந்ததோ அதற்கே அது திரும்பிவிடாமல் இருக்க, அவ்வாறு செல்லும் தோலும் செய்முறைக்கும் தரத்துக்கும் உரிய பெயரோடு செல்ல வேண்டும். பனப்பாக்கத்தில் 2024 இறுதியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஹாங் ஃபூ நிறுவனத்தின் ஆலை, தோலல்லாத விளையாட்டுக் காலணிகளை இராணிப்பேட்டை மாவட்டத்துக்குக் கொண்டுவருகிறது. வேலைவாய்ப்பு பெருகும், தேர்ந்த தையல் தொழிலாளரை ஈர்ப்பதில் தோல் ஆலைகளுக்குப் போட்டியும் பெருகும். தோலைத் தோலாக நிலைநிறுத்தும் தனிச்சிறப்பு எது என்று கூற இவ்வட்டாரம் கடமைப்பட்டுள்ளது.

6. பொதுப்பெயரின் சட்டம்

1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம், ஓர் இடத்தின் இயல்பாலோ செய்திறத்தாலோ சிறப்புற்ற பொருளின் பெயரைக் காக்கிறது. இ.ஐ. லெதர் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளது. தனியார் வணிக முத்திரையை விற்கலாம், ஈடு வைக்கலாம், வாடகைக்கு விடலாம். புவிசார் குறியீட்டை இச்சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி அவ்வாறு செய்ய இயலாது. அது உற்பத்தியாளர் அனைவருக்கும் பொதுவான உடைமை; எனவே ஒருவரின் பிழையால் அனைவரும் இழப்புறும் உடைமையும் ஆகும். காவல் இல்லாத ஊர்ப்பெயரின் நிலையை ஆம்பூர் பிரியாணியிலேயே காணலாம்: ஆம்பூர் என்ற பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் எவரும் மாட்டிக்கொள்ள முடிகிறது.

இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில், ஆர்னோ ஆற்றை ஒட்டிய சான்டா குரோச்சே பகுதித் தாவரப் பதனீட்டாளர்கள் 1994-இல் ஒரு கூட்டமைப்பை நிறுவினர். குறித்த செய்முறையைப் பின்பற்றும் உறுப்பினருக்கு மட்டுமே தன் முத்திரையை வழங்கி, எண்ணிட்ட சான்றுச் சீட்டுகள் பொருளோடு செல்லும்படி செய்தமையால், அத்தோலின் இடப்பெயர் பைகளின் விலையை உயர்த்தும் காரணங்களுள் ஒன்றாயிற்று. அதே வட்டாரத்தில் தோல் கழிவுச் சாம்பல் சாலைக் கட்டுமானத்தில் கலக்கப்பட்டதாக 2021-இல் எழுந்த விசாரணை, அத்தகைய புகழுக்கும் கழிவை நடத்தும் முறையே காவல் என்பதை மீண்டும் உணர்த்தியது.

கோலாப்பூரி செருப்புகளின் அண்மைக்கால வரலாறு பதிவின் பயனைக் காட்டுகிறது. 2025 ஜூனில் மிலான் நகர ஆடை அலங்கார அணிவகுப்பில் பிராடா நிறுவனம் காட்டிய செருப்புகள், மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் 2019-இல் குறியீடு பெற்ற இச்செருப்புகளை ஒத்திருந்தும் அவற்றின் பெயரைச் சொல்லவில்லை. எதிர்ப்பு எழுந்தபின் அந்நிறுவனம் அவற்றின் மூலத்தை ஒப்புக்கொண்டு, இரு மாநிலத் தோல் வளர்ச்சிக் கழகங்களுடன் ஆண்டிறுதியில் உடன்பாடு செய்தது. இந்தியச் சட்டத்துக்கு இத்தாலியில் நேரடி வலு இல்லாதபோதும், பதிவு பெற்ற பெயரும் அதற்காகக் குரலெழுப்பும் கைவினைஞர் சமூகமும் இருந்தமையால் பேச்சுக்கு இடம் பிறந்தது. இ.ஐ. லெதருக்கோ பதிவு உண்டு. அப்பெயரைக் கேட்டு வாங்கும் நுகர்வோர் மிகச் சிலரே.

7. செய்யத்தக்கவை

முதலாவதாக, இ.ஐ. லெதரின் குறியீட்டை உயிர்ப்புள்ள நிறுவனமாக்க வேண்டும். செய்முறையை ஆய்ந்து சான்றளிக்கும் அமைப்பும், தரப்பிரிவும், எண்ணிட்ட சீட்டும், பயனாளர் பதிவும் இருந்தால் பதிவேட்டிலுள்ள பெயர் கடையில் பொருளாகும். ஆராய்ச்சிக்கு அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும், தொழிலுக்கு இராணிப்பேட்டையும் ஆம்பூரும் இருக்கையில் இதற்கான அறிவுக்குக் குறையில்லை.

இரண்டாவதாக, மிகைக்கூற்றை விலக்க வேண்டும். தாவரப் பதனீடு குரோமியத்தைத் தவிர்க்கிறது என்பது உண்மை. அதன் கழிவுநீரிலும் உப்பும் நிறமும் கரிமப்பொருளும் உண்டு என்பதும் உண்மை. ஆதாரமற்ற பசுமை விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் நெறிமுறைகளை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் இதே நோக்கில் இயற்றிய விதிகளுக்கு 2026 செப்டம்பரை நடைமுறை நாளாகக் குறித்தது. அளந்து காட்ட இயலாத சொல்லை இனிச் சீட்டில் அச்சிடுதல் ஆகாது.

மூன்றாவதாக, அளவுகளை ஊரறிய வெளியிட வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களின் கருவிகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் தரவுகளை நகராட்சி அலுவலகப் பலகையிலும் பொருளின் சீட்டிலுள்ள குறியீட்டிலும் எவரும் காணத் தந்தால், பாலாற்றங்கரை உழவரும் பாரிஸ் நகர நுகர்வோரும் ஒரே சான்றைப் பார்ப்பர். 2005-இல் உருவான லெதர் வொர்க்கிங் குரூப் போன்ற அமைப்புகளின் தரச்சான்று பையருக்கு நிறைவு தரும். ஊராருக்கு நிறைவு தரும் சான்று ஊராரின் கண்முன் இருத்தல் வேண்டும்.

நான்காவதாக, தூய்மைக்கான செலவில் பையரும் பங்கேற்க வேண்டும். ஆடிட்டில் கடுமையையும் விலையில் இறக்கத்தையும் ஒருங்கே வேண்டும் கொள்முதல் முறை, ஆலையாளரை மறைவழிக்குத் தள்ளுகிறது. நீண்டகால ஒப்பந்தமும், சுத்திகரிப்புச் செலவைத் தனிக்கூறாகக் காட்டும் விலைப்பட்டியலும் இதற்கு மாற்று. வட்டாரத்தின் சங்கங்கள் ஒன்றுகூடிக் கேட்டாலன்றித் தனி ஆலை எதுவும் இதைப் பெற இயலாது.

ஐந்தாவதாக, உள்நாட்டுச் சந்தையைத் தொடக்கக்களமாகக் கொள்ள வேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இவ்வூர்களைக் கடந்து செல்வோர் இன்று ஏற்றுமதியில் எஞ்சிய ஷூக்களை மலிவு விலைக்கு வாங்குகின்றனர். எஞ்சிய சரக்கு விற்கும் அதே சாலையில், வட்டாரத்தின் சொந்தப் பெயரும் சான்றும் தாங்கிய பெல்ட்டும் பையும் செருப்பும் விற்கும் கூட்டுறவு விற்பனையகம் ஒன்று, வடிவமைப்பாளருக்குப் பயிற்சிக்களமாகவும் பெயருக்கு உரைகல்லாகவும் அமையும்.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே. தனியார் வணிகப்பெயரை ஒரு முதலாளி காக்கலாம். ஊரின் பெயரைக் காக்க ஆலையாளரும், தொழிலாளரும், ஆற்றுநீரை நம்பிய உழவரும், உள்ளாட்சியும் ஓர் அவையில் அமர்ந்தாக வேண்டும். 1996-இன் வழக்கில் எதிரெதிரே நின்றவர்கள் அந்த அவையில் அருகருகே அமரும்போதுதான், இங்கே செய்யப்படும் பொருளின்மேல் இவ்வூர்களின் பெயரை அச்சிடும் உரிமை முழுமை பெறும். அதற்கான அழைப்பை நீதிமன்றத்தின் அடுத்த ஆணைக்கோ, வாங்கும் நாட்டின் அடுத்த விதிக்கோ காத்திராமல், வட்டாரத்தின் தோல் தொழிற்சங்கங்களும் ஆலையாளர் அமைப்புகளும் தாமே விடுப்பது காலத்தின் கடமை.